டவர் முழுசாத்தான் இருந்தது

ஜூன் 10, திங்கள்

இன்றைக்கு ஆறு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோதித்தோம். ஆறு பேரும் அதை "டவர்" என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் நிறுவனம் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் மலிவுக் கணினி செய்கிறது. அதன் திரையில் வரும் குட்டிப் படங்களை வரைவது என் வேலை. வலது கீழ் மூலையில், சிறியதிலிருந்து பெரியதுவரை நாலு கோடுகள். வைஃபை எவ்வளவு கிடைக்கிறது என்று காட்டுவதற்கு. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரிடம், நாலு கோடும் நிறைந்திருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"டவர் ஃபுல்லா இருக்குதுங்க. நெட்டு வருமுங்க."

"இல்லீங்க. உங்க கம்ப்யூட்டருக்கும் வீட்டுல மாட்டியிருக்கற வைஃபை பெட்டிக்கும் நடுவுல சிக்னல் நல்லா இருக்குதுன்னுதான் அர்த்தம். அவ்வளவுதான்."

"அதையேதானுங்க நானும் சொல்றேன். நெட்டு வருமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வருடமாக இதே மனிதரோடு மல்லுக்கட்டுகிறேன், முகம்தான் மாறுகிறது. அறிக்கையில் "பயனருக்குப் புரிதல் போதவில்லை" என்று எழுதினேன்.

மேலாளர் வைகுந்தனுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. ஜூலை 19 அன்று புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்குள் நாலு கோடும் மெல்ல மின்னி மின்னி எரிய வேண்டுமாம். "பாத்த உடனே ஒரு சந்தோஷம் வரணும் கோகிலா," என்றார். தீபாவளிக்குக் கட்டும் சீரியல் லைட் வாங்கிக்கொள்ளச் சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் பேனாவைக் கோப்பைக்குள் குத்தினேன். போன வருட ஆண்டு விழாவில் எனக்குக் கொடுத்த கண்ணாடிக் கோப்பை அது. பேனா போடத்தான் பயன்படுகிறது.

வீட்டுக்கு வந்தால் அண்ணி காத்திருக்கிறாள். ஒண்டிப்புதூரில் அண்ணன் மயில்சாமியின் வீட்டு மாடியில்தான் ஆறு வருடமாக, விவாகரத்துக்குப் பிறகு, நான் இருக்கிறேன். தினமும் காலையில் காப்பியை மாடிக்குக் கொண்டுவந்து கொடுப்பது சுகந்தி அண்ணி. நானாகப் போட்டுக்கொள்கிறேன் என்றால் கேட்பதில்லை.

அண்ணி ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக ஆய்வக உதவியாளர். நிரந்தரம் கிடையாது, வருடா வருடம் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இப்போது அரசுப் பள்ளிகளுக்கு ஆய்வக உதவியாளர் எடுக்கிறார்கள். 18ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கணினியில் விண்ணப்பிக்க வேண்டும். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அண்ணிக்கு ஜூலை 2 அன்று நாற்பது முடிகிறது.

"ஞாயித்துக்கெழமை சித்த நேரம் கூட உக்காரு அம்மிணி. அனுபவச் சான்றிதழ் சனிக்கெழம கைக்கு வந்துரும்."

சரி என்றேன். கீழே இருப்பதும் எங்கள் நிறுவனக் கணினிதான். ஊழியர் சலுகையில் நான் வாங்கிக் கொடுத்தது.

ஜூன் 13, வியாழன்

கோடுகள் மின்னும் வேகம் அதிகமாம். குறைத்தேன். இப்போது குறைவாம்.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். வைகுந்தனுக்குக் குடும்பம் கிடையாதா, இல்லை குடும்பம் அவரை உள்ளே விடுவதில்லையா என்று தெரியவில்லை. பச்சையில் மூன்று பச்சை போட்டுக் காட்டினேன். மூன்றையும் பார்த்துவிட்டு நான்காவதைக் கேட்டார்.

அண்ணி சான்றிதழ்களை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு மதியம்வரை காத்திருந்தாளாம். நாளை பொழுதோட பண்ணிக்கலாம் என்று போனில் சொன்னேன்.

ஜூன் 17, திங்கள்

இன்றும் வீட்டுக்கு வர ஒன்பதரை. அண்ணி தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். நாளைக்குப் பள்ளிக்கு லீவு போட்டுத் தானே செய்துவிடுகிறேன் என்றாள். பயப்படாதீர்கள் என்று சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். "மூலையில டவர் முழுசா இருக்குதான்னு பாருங்க அண்ணி. இருந்தா அமுத்துங்க. சுத்திட்டே இருந்துச்சுன்னா அந்த வெப்சைட்டுல கூட்டம்னு அர்த்தம். மூடிறாதீங்க. விடாம உக்காந்திருங்க." அண்ணி அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள். யாருக்கும் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வரும்.

நாளை எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிறது. வீட்டில் யுபிஎஸ் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

போகவில்லை. விண்ணப்பம் போகவில்லை.

வந்து பார்த்தால் அண்ணி கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். விளக்குகூடப் போடவில்லை. என்ன ஆச்சு என்றேன். கரண்ட் போகும் முன்பே பக்கத்தைத் திறந்து, காலை பத்து மணிக்கு எல்லாம் நிரப்பி முடித்து, அனுப்பும் பொத்தானை அமுத்தியிருக்கிறாள். சுற்ற ஆரம்பித்திருக்கிறது. மாலை ஐந்துவரை சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஐந்தே காலுக்குக் கரண்ட் வந்ததும் "காலக்கெடு முடிந்தது" என்று வந்ததாம்.

நான் கத்தினேன். கையில் செல்போன் இருக்கிறதே, அதில் போட்டிருக்கலாம். சிங்காநல்லூரில் நாலு பிரவுசிங் சென்டர் இருக்கிறது, பஸ்ஸில் பத்து நிமிடம், அங்கே போயிருக்கலாம். ஏழு மணி நேரம் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பார்களா?

"டவர் முழுசாத்தானே இருந்துச்சு அம்மிணி," என்றாள் அண்ணி. "முழுசா இருந்தா காத்திருக்கோணும்னு நீதானே சொன்னே."

மின்தடை என்றால் தெருக்கோடி கம்பத்தில் கேபிள்காரர் மாட்டியிருக்கும் டப்பாவும் செத்துப்போகும். அதற்கு யுபிஎஸ் கிடையாது. வெளியிலிருந்து எதுவும் வராது. நம் வீட்டுப் பெட்டிதான் யுபிஎஸ்ஸில் பளபளவென்று எரிந்துகொண்டிருக்கும். ஒண்டிப்புதூரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அண்ணிக்குத் தெரியவில்லை. அதுதான் ஆத்திரம்.

போன் பண்ணினாளாம். நான் மீட்டிங்கில் இருந்தேன்.

ஜூன் 19, புதன்

காப்பி வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபீஸில் சாதிக்கைப் பிடித்தேன். சோதனைப் பிரிவின் தலைவன். வீட்டுப் பெட்டி உயிரோடு இருந்து, வெளி இணைப்பு மட்டும் போனால் நம் கணினி என்ன காட்டும் என்று கேட்டேன். யோசித்தான். யோசிக்க வேண்டியிருந்ததே எனக்குப் போதும்.

"இங்க அப்படி ஆனதே இல்லியே கோகிலா. ரெண்டு லைன் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு."

அதுதான் எங்கள் லட்சணம். இருபத்திரண்டு பேர், ஏழு வருடம், ஒரு நாள்கூட நெட் நிற்காத கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, மாதம் ஒருநாள் முழுக்க நெட் நிற்கும் வீடுகளுக்குச் சாமான் செய்கிறோம். நான் நேரே போய்ச் சோதனை மேஜைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த வெளிக்கம்பியைப் பிடுங்கினேன். எல்லாரும் வந்து நின்றார்கள். திரையில் நாலு கோடும் நிறைந்து, என் புது மின்னலோடு, சந்தோஷமாக எரிந்தன. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"யாருடா இப்படி வச்சது?" என்று கத்தினேன்.

உதவி எண் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பர்வீன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "முன்னாடி ஒரு மஞ்சள் குறி வந்துட்டிருந்துச்சே," என்றாள். "வெளியில லைன் போனா."

ஆமாம், வந்துகொண்டிருந்தது. போன வருடம் நீக்கப்பட்டது.

ஜூன் 20, வியாழன்

பேனாக்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். கோப்பையை அடி இழுப்பறையில் போட்டேன்.

ஜூன் 22, சனி

அண்ணனை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பம்ப்செட் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே யாரையும் அதட்ட முடியாத அதட்டலையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். சாப்பாட்டில் ஆரம்பித்தான்.

"ஒரு பட்டன் அமுத்தத் தெரியில. இவ போயி ஆய்வகத்துல ஆசிட்டப் பாத்துக்கறாளாமா."

அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எனக்கு இந்தக் கம்ப்யூட்டரு வராதுங்க," என்றாள். "கோகிலா எத்தனை தெளிவாச் சொல்லிக் குடுத்துது. எனக்குத்தான் ஏறுல." அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்குத்தான் வீண் சங்கடம் அம்மிணி. நீ மனசுல வெச்சுக்காதே," என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்!

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்குச் சூடாக நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். என்ன மனுஷன் அவன்.

ஜூன் 25, செவ்வாய்

மீட்டிங்கில் சண்டை. மின்னலும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், வெளி இணைப்பு இல்லாவிட்டால் இல்லை என்று காட்ட வேண்டும், அதைச் செய்யாமல் பதிப்பு போகக் கூடாது என்றேன். தேதியை மாற்ற முடியாது என்றார் வைகுந்தன். ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்றேன். யார் ஏமாந்தது, ஒரு புகாரும் வரவில்லையே என்றார். குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. போன வருட மீட்டிங் குறிப்பை எடுத்துப் பெரிய திரையில் போட்டார்.

"மஞ்சள் குறியை நீக்கலாம். காரணம்: பயனர்கள் குழம்புகிறார்கள், உதவி எண்ணுக்கு அழைப்புகள் அதிகம்." கீழே, பரிந்துரை என்ற இடத்தில் என் பெயர்.

அது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும்.

குறியை எடுத்த மூன்று மாதத்தில் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. அதற்குத்தான் கண்ணாடிக் கோப்பை. மேடையில் ஏறி வாங்கினேன். "எளிமையே அழகு" என்று பேசினேன். கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் பர்வீன் டீயோடு நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"கால் குறைஞ்சது நெட்டு சரியானதால இல்ல கோகிலா. என்ன நடக்குதுன்னே அவங்களுக்குத் தெரியாமப் போயிருச்சு. தெரிஞ்சாத்தானே நமக்குப் போன் பண்ணுவாங்க? வெப்சைட்டைத் திட்டிட்டு உக்காந்திருப்பாங்க. இல்லைன்னா தன்னையே திட்டிக்குவாங்க."

டீ வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவள்மேல்தான் இன்றைக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

ஜூன் 28, வெள்ளி

வைகுந்தன் இறங்கிவந்தார். மின்னலைத் தள்ளிப்போட்டு, இதை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் கேட்டேன். கொடுத்தார்.

ஜூலை 2, செவ்வாய்

அண்ணியின் பிறந்தநாள். நாற்பது. கேசரி கிண்டி மாடிக்கும் கொண்டுவந்தாள். முந்திரி எல்லாம் என் தட்டில்தான் இருந்தது.

"வயசு முடிஞ்சுருச்சு. இனி ஒண்ணுக்கும் எழுதிப் போடற வேலையில்ல, நிம்மதி," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

18ஆம் தேதி இதில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். அண்ணி இரண்டு தடவை போன் பண்ணினாள். எடுக்கவில்லை. பச்சை நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மதியம் ஒன்று நாற்பதுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "டவர் முழுசா இருக்கு. சுத்திட்டே இருக்கு. என்ன பண்ணட்டும்?" அதைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் வைத்துப் பதில் போட்டேன்: "கூட்டமா இருக்கும். காத்திருங்க."

ஐந்து மணிக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அன்றைக்கு மின்தடை என்று பேப்பரில் படித்தவள் நான். மஞ்சள் குறியை எடுத்தவள் நான். உலகத்திலேயே அந்த நிமிடம் அந்த மூன்றையும் சேர்த்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்குத் தோன்றவில்லை. நானும் டவரைத்தான் நம்பினேன்.

ஜூலை 5, வெள்ளி

பதினாலு படம் கிழித்துப் போட்டாகிவிட்டது. கோடு, வட்டம், பெருக்கல் குறி, ஆச்சரியக் குறி. எல்லாவற்றுக்கும் ஜனங்களிடம் ஓர் அர்த்தம் இருக்கிறது, நம் அர்த்தம் மட்டும் இல்லை. மஞ்சள் குறியைப் பார்த்து வைரஸ் என்று பயந்து கணினியை அணைத்தவர்கள் உண்டு. அந்த அழைப்புகளெல்லாம் பொய் இல்லை. குறி நல்ல குறி இல்லைதான். நான் அதைத் திருத்தியிருக்க வேண்டும். எடுத்து எறிந்தேன். எடுப்பது சுலபமாக இருந்தது.

இன்று ஜெராக்ஸ் கடைக்காரரையே மறுபடி வரச் சொன்னேன். மூன்று சின்னப் படம் காட்டினேன்: கணினி, வீட்டுப் பெட்டி, தெருக் கம்பம். நடுவில் இரண்டு கோடு. கம்பத்துக்குப் போகும் கோட்டை அறுத்துக் காட்டினேன். கீழே தமிழில் மூன்று வரி.

"அட, லைன்காரன்கிட்டத்தான் கோளாறு," என்றார் உடனே. "நம்மது நல்லாத்தான் இருக்குது. இத மொதல்லயே இப்படிச் சொல்றதுக்கு என்னங்க?"

அவருக்குப் புரிதல் போதவில்லை என்று எழுதியவள் நான். அந்த அறிக்கையைத் தேடி எடுத்து அந்த வரியை அடித்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணன் கடைக்குப் போயிருந்தான். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். மஞ்சள் குறி, அதை எடுக்கச் சொன்னது, கோப்பை, மேடை, வாட்ஸ்அப் பதிலுக்கு முன்னால் இரண்டு வினாடிகூட யோசிக்காதது. நடுவில் அழுகை வந்தது. அழுது காரியத்தைச் சுலபமாக்கிக்கொள்ளாதே என்று என்னையே அதட்டினேன்.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் தப்புப் பண்ணலையா?"

"இல்லீங்க அண்ணி. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

"பெட்டிதான் பொய் சொல்லுச்சு."

"ஆமாங்க."

"அந்தப் பொய்ய எழுதி வெச்சது நீ."

"ஆமாங்க அண்ணி."

குக்கர் இரண்டு விசில் அடித்தது. அவள் எழுந்து அணைக்கவில்லை, நான் போய் அணைத்தேன். திரும்பி வந்தபோது என்னை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணி யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"உங்கண்ணன் என்னைப் பேசறப்போ பக்கத்துல உக்காந்து சோறு தின்னயே. அன்னைக்குத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுட்டேதான் தெனமும் எங்கையில காப்பி வாங்கிக் குடிச்சியா?"

அவள் உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூலை 8, திங்கள்

காப்பி வரவில்லை. பால் வாங்கி நானே போட்டேன். நன்றாக இல்லை.

ஜூலை 11, வியாழன்

காப்பி வரவில்லை. ராத்திரி சாப்பாட்டில் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணி செய்த தப்பு எதுவும் இல்லை, முழுக்க என்னுடையது, இனி அந்தப் பேச்சை எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்றேன். அவன் வாயைத் திறந்தான். "பேசாதீங்க," என்றாள் அண்ணி. அவனிடம் மட்டுமா, இருவரிடமுமா?

ஜூலை 16, செவ்வாய்

மறுபடி மாதாந்திர மின்தடை. புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை போகிறது. கீழேயிருக்கும் கணினியில் அதை ஏற்றி, உண்மையான மின்தடையில் சோதிக்க அனுமதி வாங்கி வீட்டிலேயே இருந்தேன். கணினியைத் தொடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். பள்ளிக்குக் கிளம்பும் முன் காலாண்டுத் தேர்வுக்கான ஆய்வகப் பட்டியலை அனுப்ப அவளும் அதன் முன்னால்தான் உட்கார வேண்டியிருந்தது. நான் பின்னால் நின்றேன்.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு கூச்சல் போட்டது. வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. பன்னிரண்டு வினாடியில் மூலையில் நாலு கோடும் போய், மூன்று படமும் வந்தன. கம்பத்துக்குப் போகும் கோடு அறுந்திருந்தது. அண்ணி குனிந்து, வாய்விட்டுப் படித்தாள்.

"உங்கள் கணினியும் வீட்டுப் பெட்டியும் நன்றாக உள்ளன. வெளியே இணைய இணைப்பு இல்லை. காத்திருக்க வேண்டாம், வேறு வழியில் அனுப்புங்கள்."

இன்னொரு தடவை படித்தாள். அப்புறம், ஒன்பது நாளில் முதல் தடவையாக, என்னிடம் பேசினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க அண்ணி."

"இதச் செய்ய எத்தன நாளாச்சு உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். பதினாலு படம் கிழித்ததை, மீட்டிங்கை, சண்டையை எல்லாம் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

"உக்காந்து செஞ்சது நாலு நாளுங்க."

அண்ணி செல்போனை எடுத்து, பட்டியலைப் படம் பிடித்து அதில் இருந்தே பள்ளிக்கு அனுப்பினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"நாலு நாளு," என்றாள். "நான் பதினோரு வருசம் காத்திருந்தேன் கோகிலா."

அம்மிணி என்று சொல்லவில்லை. கணினியை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.